வீரர் பெயரில் சாலை: மதிப்பீட்டில் வராத செலவுகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பத்தாங் பெர்ஜுந்தை போன்ற தோட்டப் பட்டணங்களில் ஜூலை 31, வீரர் நாள் நெருங்கும்போது, நாட்டுக்காக உயிர்நீத்தவர் ஒருவரின் பெயரைச் சாலைக்குச் சூட்டலாமே என்ற பேச்சு எழுவது இயல்பு. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலப் போரில் மாண்டவர்கள் முதல், 1993-இல் சோமாலியாவின் மொகாடிஷுவில் வீழ்ந்த சிப்பாய் மாட் அஸ்னான் அவாங் வரை, நினைவுகூர வேண்டியவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் இதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பவரை நாட்டுப்பற்று இல்லாதவர்போலப் பார்க்கிறார்கள். கட்டுமானச் செலவுகளை மதிப்பிடும் குவாண்டிட்டி சர்வேயர் என்ற முறையில், அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். கணக்குப் பார்க்காமல் நட்ட பலகை வெளுத்துப்போய், கொடி படர்ந்து நிற்பதைவிட அந்த வீரருக்குப் பெரிய அவமரியாதை இருக்க முடியாது.

பலகைக்கான விலைப்பட்டியலில் அலுமினியத் தகடும் அதன்மேல் ஒட்டும் எதிரொளித் தாளும் பெரும்பாலும் சிறு பங்குதான். கம்பம், அதற்கான கான்கிரீட் அடித்தளம், தோண்டுமிடத்தில் நீர்க்குழாயோ தொலைபேசிக் கம்பியோ ஓடுகிறதா என்று கண்டறியும் வேலை, நெடுஞ்சாலையாக இருந்தால் ஒரு தடத்தை மூடி எச்சரிக்கைக் கூம்புகளும் கொடிகாட்டும் ஆட்களும் நிறுத்தும் போக்குவரத்துக் கட்டுப்பாடு ஆகியவையே தொகையை உயர்த்துகின்றன. எதிரொளித் தாளுக்கு உற்பத்தியாளர்கள் தரும் உத்தரவாதம், தரத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 7 முதல் 12 ஆண்டுகள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் திரும்பும் முச்சந்தியில் கம்பம் அவ்வளவு காலம் நிமிர்ந்து நின்றாலே பெரிய காரியம்.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? கூட்டரசு சாலை என்றால் பொறுப்பு மத்திய அரசுடையது. மாநிலச் சாலையாக இருந்தால், கூட்டரசு அரசியலமைப்பின் பத்தாம் அட்டவணைப்படி மாநிலத்துக்கு வரும் சாலை மானியத்தையே பராமரிப்புக்குப் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த மானியம் மாரிஸ் என்ற அரசின் சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளின் நீளத்தை ஒட்டிக் கணக்கிடப்படுவது. பெயர் மாறுவதால் சாலை ஓர் அடிகூட நீளாது. ஆகவே மானியமும் அதிகரிக்காது. பலகைக்குப் போகும் ஒவ்வொரு ரிங்கிட்டும் குழி அடைக்கவும் வடிகால் தூர்வாரவும் வைத்திருந்த தொகையில் குறையும்.

இவ்வளவும் கணக்கில் எழுதக்கூடிய செலவு. எழுதப்படாதது முகவரிச் செலவு. சாலையின் அதிகாரப்பூர்வப் பெயரே மாறினால், அங்குள்ள ஒவ்வொரு கடையும் விளம்பரப் பலகை, உரிமம், வங்கிக் கணக்கு, ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும். இவை எந்த நகராண்மைக் கழகத்தின் வரவு செலவிலும் வருவதில்லை. மக்களின் பையிலிருந்து சில்லறையாகப் போவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது; ஆனாலும் பழைய பெயரைச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். (நானும்தான்.) கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போவின் ஒரு பகுதிக்கு 2014-இல் சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயர் சூட்டப்பட்ட பிறகும், வழி கேட்பவர்களில் பலர் ஜாலான் ஈப்போ என்றுதான் கேட்கிறார்கள்.

முகவரியைத் தொடாமல் பெருமை செய்யவும் வழி இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஆப்கானிஸ்தானில் மாண்ட வீரர்களின் உடல்கள் டிரென்டன் விமானப்படைத் தளத்திலிருந்து டொரான்டோவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 401-ஆம் நெடுஞ்சாலைப் பகுதிக்கு, 2007-இல் 'வீரர்களின் நெடுஞ்சாலை' என்று பெயரிட்டார்கள். ஆனால் 401 என்ற எண் அப்படியே இருக்கிறது. கலிபோர்னியாவில் நினைவுப் பெயர் சூட்டும் சட்டமன்றத் தீர்மானங்கள், பலகைக்கான செலவு முழுவதும் அரசு சாராத நன்கொடையாக வந்த பிறகே அதை நட வேண்டும் என்று வழக்கமாக நிபந்தனை விதிக்கின்றன. அமெரிக்கப் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேடு இன்னும் கறாரானது: நினைவுப் பெயர்களை ஓய்விடங்களில் வைப்பதே நல்லது, சாலையோரத்தில் வைத்தே ஆக வேண்டுமானால் ஒரு திசைக்கு ஒரு பலகை போதும் என்கிறது. ஓட்டுநரின் கண் வழிகாட்டிப் பலகையில் இருக்க வேண்டும் என்பதே அதன் கவலை. ஆனால் குடும்பத்தார் நன்கொடை திரட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டை நான் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். தோட்ட லயத்தில் பிறந்து படையில் சேர்ந்தவனின் வீட்டாரிடம் மகனின் பெயருக்குக் காசு கேட்பது முறையல்ல.

பாலத்துக்கு வீட்டு எண் கிடையாது. முச்சந்தி வட்டத்துக்கும் பொதுத் திடலுக்கும் அப்படியே. சிலாங்கூர் ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு ஒரு வீரரின் பெயர் வைத்தால் யாரும் முகவரி மாற்ற வேண்டியதில்லை. இருபுறமும் ஒவ்வொரு கல்வெட்டுப் போதும். எதிரொளித் தாளைப்போல அதை அடிக்கடி மாற்றவும் தேவையில்லை. சாலைதான் வேண்டும் என்று ஊர் முடிவெடுத்தால், நகராண்மைக் கழகத்துக்கு எழுதும் கடிதத்தில் மூன்று தொகைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: நடும் செலவு, தாளின் ஆயுள் முடிந்ததும் மாற்றும் செலவு, பெயர் மாறும் சாலையிலுள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஆகும் செலவு. மூன்றாவதைக் கணக்கிட அந்தச் சாலையின் கதவெண் பட்டியலே போதும். அது மதிப்பீட்டு வரிப் பிரிவில் ஏற்கெனவே இருக்கும்.