59 சென்டில் நின்ற டிவிடெண்ட்

டாலர் ஜெனரல் 2009-ல் மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்த பிறகு, 2015-ல்தான் டிவிடெண்ட், அதாவது பங்குதாரர்களுக்குத் தரும் பணப் பங்கு, கொடுக்க ஆரம்பித்தது: காலாண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 22 சென்ட். பிறகு ஆண்டு தவறாமல் ஏற்றினார்கள். 2019-ல் 32, 2021-ல் 42, 2022-ல் ஒரே தாவலாக 55, 2023-ல் 59. அதோடு சரி. 2024-லும் 59, 2025-லும் 59. அமெரிக்காவின் சிற்றூர்களில் 20,000-க்கும் மேற்பட்ட கடைகள் போட்டு, கையில் காசு குறைவாக உள்ள குடும்பங்களுக்குச் சோப்பும் பிஸ்கட்டும் விற்கிற நிறுவனம் இது. விலைவாசி ஏறும்போது இப்படிப்பட்ட கடைக்குக் கூட்டம் கூடும் என்று பலர் எதிர்பார்த்த நேரத்தில்தான் டிவிடெண்ட் அசையாமல் நின்றது.

டிவிடெண்ட் லாபத்திலிருந்து வருகிறது என்பார்கள். பாதிதான் சரி. லாபம் கணக்குப் புத்தகத்தில் இருப்பது. டிவிடெண்ட் வங்கிக் கணக்கிலிருந்து போவது. இரண்டும் எவ்வளவு விலகக்கூடும் என்பதற்கு இந்த நிறுவனத்தின் 2022 நிதியாண்டை எடுத்துக்கொள்ளலாம். நிகர லாபம் சுமார் 241 கோடி டாலர், முந்தைய ஆண்டைவிடச் சற்றே கூடுதல். ஆனால் தொழில் நடத்தியதில் உள்ளே வந்த பணம் 198 கோடிதான், முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 31 சதவீதம் குறைவு. மீதி எங்கே? பெரும்பகுதி சரக்கில். கிடங்கிலும் அலமாரியிலும் இருந்த சரக்கின் மதிப்பு ஒரே ஆண்டில் 560 கோடியிலிருந்து 676 கோடி டாலருக்கு ஏறியது. விற்காத சரக்கு லாபத்தைக் குறைக்காது. அதை வாங்கக் கொடுத்த பணம் மட்டும் போய்விடும்.

அந்த 198 கோடியை வைத்து அவர்கள் செய்த செலவைப் பாருங்கள். புதுக் கடை, கிடங்கு, பழைய கடைகளைச் சீரமைத்தல் ஆகியவற்றுக்கு 156 கோடி. டிவிடெண்டுக்கு 49 கோடி. இரண்டையும் கழித்தாலே 7 கோடி இடிக்கிறது. இதற்கு மேல் சொந்தப் பங்குகளைச் சந்தையிலிருந்து திரும்ப வாங்க (பைபேக்) 275 கோடி. ஆக மொத்தம் 282 கோடி பற்றாக்குறை. அதே ஆண்டில் கடன் சுமார் 420 கோடியிலிருந்து 700 கோடிக்குப் போனதில் வியப்பில்லை. அந்த ஆண்டு பைபேக்குக்கு ஆன பணத்தில் ஐந்து ஆண்டு டிவிடெண்ட் கொடுத்திருக்கலாம்.

பணம் யாருக்கு முதலில் என்ற வரிசையை நிறுவனமே சொல்லிவைத்திருக்கிறது. முதலில் தொழிலில் முதலீடு, அடுத்து டிவிடெண்ட், வசதிப்பட்டால் பைபேக். இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கூரை: வட்டி, வரி, தேய்மானம், வாடகை கழிப்பதற்கு முந்தைய லாபத்தைப்போல் மூன்று மடங்குக்குள் கடன் இருக்க வேண்டும். இதில் வாடகையைச் சேர்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடைகளில் பெரும்பாலானவை குத்தகைக் கட்டடங்கள். இனி கட்ட வேண்டிய குத்தகை மட்டும் 1,000 கோடி டாலருக்கு மேல். வாங்கிய கடனைவிடப் பெரியது. வியாபாரம் படுத்தாலும் வாடகை கட்டித்தான் ஆக வேண்டும் என்பதால் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் அதையும் கடனாகவே பார்க்கின்றன. லாபம் சரிந்தால், புதிதாக ஒரு டாலர்கூடக் கடன் வாங்காமலே இந்த மடங்கு கூரையை முட்டும்.

2023-ல் நடந்தது அதுதான். மொத்த லாப விகிதம், அதாவது விற்பனையில் சரக்கின் அடக்கவிலை போக மிஞ்சுவது, 2022-ல் 31.2 சதவீதம், 2024-ல் 29.6. திருட்டிலும் சேதத்திலும் போன சரக்கு, தள்ளுபடி போட்டுத் தள்ளிய சரக்கு, லாபம் அதிகமுள்ள வீட்டுச் சாமான்களை விட்டு மளிகையை மட்டும் வாங்கிப்போகும் வாடிக்கையாளர் என்று பல காரணங்கள். 1.6 புள்ளி சின்ன எண்ணாகத் தெரியலாம். 4,060 கோடி டாலர் விற்பனையில் அது 65 கோடி. ஓராண்டு டிவிடெண்டான 52 கோடியைவிட அதிகம். பைபேக்கை 2023-ல் முற்றிலும் நிறுத்தினார்கள். டிவிடெண்டைத் தொடவில்லை. இந்த வேறுபாடு தற்செயல் அல்ல. பைபேக் நின்றால் பலர் கவனிப்பதே இல்லை. டிவிடெண்டை வெட்டினால் மறுநாளே பங்கு விழும்.

2024 நிதியாண்டில் பங்குக்கான லாபம் 5.11 டாலர், டிவிடெண்ட் 2.36. அதாவது லாபத்தில் 46 சதவீதம். 2022-ல் இது 20 சதவீதத்துக்குச் சற்று மேல். கேட்டால் பயமாக இருக்கும். பணக் கணக்கோ நேர்மாறாக இருந்தது: உள்ளே வந்தது 300 கோடி, முதலீட்டுக்கு 131, டிவிடெண்டுக்கு 52. மிஞ்சிய 117 கோடியில் ஒரு பகுதி கடனை அடைக்கப் போனது, மீதி கையிருப்பில் சேர்ந்தது. லாபம் பாதிக்கு மேல் சரிந்த பிறகுதான் டிவிடெண்டுக்கான பணம் தாராளமாக இருந்தது. சரக்கைக் குறைத்ததும் புதுச் செலவை அடக்கியதும்தான் அதைச் செய்தன.

பங்கு விலையோடு ஒப்பிட்டு டிவிடெண்டை எடைபோடுவோர் இங்கே ஏமாறலாம். பங்கு 240 டாலராக இருந்தால் 2.36 என்பது ஒரு சதவீதம். 2024 ஆகஸ்ட் 29 அன்று ஒரே நாளில் 32 சதவீதம் விழுந்த பங்கு, ஆண்டு முடிவில் 75 டாலரை ஒட்டி நின்றபோது அதே தொகை 3.1 சதவீதமாகிவிட்டது. பிக் லாட்ஸ் என்ற இன்னொரு மலிவு விலைக் கடைத்தொடரும் காலாண்டுக்கு 30 சென்ட் கொடுத்துவந்தது. பங்கு சரியச் சரிய அதன் சதவீதமும் கவர்ச்சியாக ஏறியது. 2023 மே மாதம் டிவிடெண்ட் நின்றது, 2024 செப்டம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது.

டாலர் ஜெனரலின் காலாண்டு அறிக்கை வந்ததும் பங்குக்கான லாபத்தைத் தாண்டி, பணப்புழக்க அறிக்கையில் சரக்கு என்ற ஒரு வரிக்குப் போங்கள். அங்கே பெரிய கழித்தல் குறி இருந்தால் லாபம் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஒரு காலாண்டை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். பண்டிகை விற்பனைக்கு முன் சரக்கு குவிவது இயல்பு. போன ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட வேண்டும்.