நாண்தெறிப்பு: ‘ஸ்னாப்பிங் ஹிப்’புக்கு ஒரு தமிழ்ச்சொல்

“காலத் தூக்கி வச்சா இடுப்பாண்ட டொக்குனு ஒண்ணு விழுது சார், வலி உயிர் போவுது.” காட்பாடிப் பக்கம் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் தெருக்கூத்து ஆடும் ஒருவர் சொன்னது இது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொடையின் வெளிப்புறம் புடைத்திருக்கும் எலும்பின்மேல் உள்ளங்கையை வைத்தேன். காலை மடக்கி நீட்டினார். எலும்பைத் தாண்டி ஒரு பட்டை குதிப்பது கையில் தட்டியது.

இதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்னாப்பிங் ஹிப்’, லத்தீனில் ‘காக்ஸா சால்டன்ஸ்’ என்று பெயர். காக்ஸா இடுப்பு, சால்டன்ஸ் துள்ளுவது, ஆடுவது. ஆட்டக்காரர்களுக்கு அதிகம் வரும் நோய்க்குப் பொருத்தமான பெயர்தான். தமிழில் சிலர் ‘ஸ்னாப்’ என்பதை ஒடிதல் என்று கொண்டு ‘ஒடியும் இடுப்பு’ என்று எழுதுகிறார்கள். அது தவறு, நோயாளியைப் பயமுறுத்தவும் செய்யும். இங்கே எதுவும் ஒடிவதில்லை.

‘நாண்தெறிப்பு’ என்பது என் பரிந்துரை. தசையை எலும்போடு இணைக்கும் டெண்டனைத் தசைநாண் என்கிறோம். நாண் வில்லின் கயிறு. இழுத்துக் கட்டிய நாணைச் சுண்டி ஒலி எழுப்புவது தெறித்தல். இடுப்பிலும் நடப்பது அதுவே. வெளிப்புறம் தெறித்தால் தொடைப் பட்டை, முன்புறம் உள்ளே தெறித்தால் காலை மேலே தூக்கும் தசையின் நாண். மூட்டுக்குள்ளேயே குருத்தெலும்பு விளிம்பு கிழிந்து சத்தம் வருவதும் உண்டு. அதற்கு இந்தப் பெயர் பொருந்தாது, சிகிச்சையும் வேறு.

வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். வலித்தால் ஓய்வு, நீட்சிப் பயிற்சி, தேவைப்பட்டால் ஊசி. மாதக்கணக்கில் செய்தும் அடங்காதவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சை. வெளிப்பட்டையை இசட் வடிவில் வெட்டி நீளமாக்கித் தைப்பார்கள், அல்லது எலும்பு உரசும் இடத்தில் பட்டையில் திறப்பு வைப்பார்கள். உள்நாணை நுண்துளை வழியாகவும் நீளமாக்கலாம். அதன்பின் கொஞ்ச காலம் படியேறக் கால் தூக்குவது பலவீனமாக இருக்கும். டாக்டர்கள் இந்த அறுவை சிகிச்சையை ‘ரிலீஸ்’ என்பார்கள். நான் ‘நாண் தளர்த்தல்’ என்பேன். வில்லிலும் அப்படித்தானே சொல்கிறோம்.

இந்தச் சொல்லில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. நம் ஊரில் நரம்பும் நாணும் ஒரே ‘நரம்பு’தான். அறுவை சிகிச்சை என்றதும் கூத்துக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

“நரம்ப வெட்டிட்டா கால் வராம போயிடுமே சார்?”

“அது நரம்பு இல்லண்ணே, நாணு. வில்லுல கட்டுற நாணு மாதிரி. இறுகிக் கெடக்குது, தளர்த்தி விடுவாங்க. அதுவும் பயிற்சியில அடங்கலன்னாதான்.”

வில் பிடித்து அர்ச்சுனன் வேஷம் கட்டுகிறவர். உடனே புரிந்துகொண்டார்.