கறுப்பு டீ-சர்ட் பிளீச்சில் ஆரஞ்சாவது ஏன்?

கறுப்புப் பருத்தி டீ-சர்ட்டில் பிளீச் தெளித்தால் அந்த இடம் வெள்ளையாகாது. முதலில் பழுப்பு, பிறகு துரு நிறம், ஐந்தாறு நிமிடத்தில் ஆரஞ்சு. ஆனால் தோள்பட்டைத் தையல் மட்டும் பெரும்பாலும் கறுகறுவென்றே நிற்கும். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை வைத்து பிளீச் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. துணியில் ஏறியிருக்கும் சாயம் எந்த வகை என்பதுதான் முக்கியம்.

சாய மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடர்ந்து வரும். அந்தத் தொடர்தான் ஒளியை உறிஞ்சி நிறம் காட்டுகிறது. பிளீச்சில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் அதை ஆக்ஸிஜனேற்றி அறுத்துவிடுகிறது. கடையில் வாங்கும் கறுப்பு பெரும்பாலும் கருநீலமும் ஆரஞ்சும் சிவப்பும் கலந்தது. கருநீலம் முதலில் அறுபடுகிறது; தாக்குப்பிடித்த ஆரஞ்சு கண்ணில் படுகிறது. தையல் நூல் பாலியெஸ்டர் என்றால் சாயம் இழைக்குள்ளேயே அடைபட்டிருக்கும், பிளீச் அங்கே நுழையாது.

பிளீச்சால் வேண்டுமென்றே நிறம் எடுத்துப் பழகிப் பார்க்க குடியாத்தம் கைலியைவிட நல்ல துணி கிடையாது. நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகே நெய்வதால், ஒரே கைலியில் ஒரு கோடு வெளுக்கும், பக்கத்துக் கோடு அசையாமல் நிற்கும். அசையாதது அநேகமாக வேட் (vat) சாயம், அதாவது இழைக்குள் நீரில் கரையாத வடிவில் தங்கிவிடும் வகை. எந்தத் துணியானாலும் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். ஆரணிப் பட்டுப் பக்கம் பிளீச்சைக் கொண்டுபோகவே வேண்டாம். பட்டும் கம்பளியும் புரதம். ஹைப்போகுளோரைட் அவற்றைக் கரைத்துவிடும். லெக்கின்ஸில் இருக்கும் ஸ்பான்டெக்ஸ் மஞ்சளாகி நொறுங்கும்.

காற்றோட்டமான இடத்தில், கையுறை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலக்கவும். துணியை முதலில் நனைத்துப் பிழிந்துவிட்டால் நிறம் சீராக இறங்கும். கூரான ஓரங்கள் வேண்டுமானால் உலர்ந்த துணியில் தெளிக்கலாம். பத்து நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்தால் வெளிறும் என்பதால் ஒரு படி முன்னதாகவே நிறுத்துங்கள். வேலூர் மே மாதத்தில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் மதியம் கொதிக்கும். வினை வேகமெடுத்து கைமீறிப் போகும். காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. வெயிலிலும் சூட்டிலும் கிடந்த பழைய பாட்டில் வீரியம் இழந்திருக்கும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம்: கரையாத சுண்ணாம்புத் துகள் ஒட்டிய இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுக்கும். துருப்பிடித்த கொக்கி, இரும்புக் கைப்பிடி எதுவும் துணியில் படக்கூடாது. இரும்பு வினையைத் தூண்டி அந்த இடத்திலேயே ஓட்டை போடும்.

அதிகம் பேர் தவறுவது நிறுத்தும் கட்டத்தில். வெறுமனே அலசினால் தடித்த மடிப்புகளில் பிளீச் தங்கி, சில சலவைகளுக்குப் பிறகு துணி அங்கேயே கிழியும். வினிகர் ஊற்றினால் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அமிலம் பட்டதும் பிளீச் நச்சுக் குளோரின் வாயுவை வெளியிடும்; எலுமிச்சையும் கழிவறை ஆசிட்டும் அப்படியே. அம்மோனியாவும் அருகில் வரக்கூடாது. நன்றாக அலசிய பின், லிட்டருக்கு 5 கிராம் சோடியம் தயோசல்பேட், அதாவது ஹைப்போ, கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மறுபடி அலசுங்கள். மீன் தொட்டிக்கு விற்கும் ஆன்டி-குளோரின் படிகங்கள் பெரும்பாலும் இதுதான். மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கை பத்துப் பங்கு தண்ணீரில் கலந்தும் பயன்படுத்தலாம்.

இதைச் சரியாகச் செய்தால்தான் மறுசாயம் பிடிக்கும். மிச்சமிருக்கும் குளோரின் புதுச் சாயத்தையும் தின்றுவிடும். பருத்திக்கு ஏற்றது 1956இல் பிரிட்டனின் ஐசிஐ வேதிப்பொருள் நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் வெளியிட்ட வகை, குளிர்ந்த நீரிலேயே ஏறும் ரியாக்டிவ் சாயம். அது இழையோடு வேதிப் பிணைப்பே ஏற்படுத்திக்கொள்வதால் எளிதில் போகாது. 200 கிராம் டீ-சர்ட்டுக்கு 4 லிட்டர் தண்ணீர், 6 கிராம் சாயம், 200 கிராம் தூள் உப்பு. இருபது நிமிடம் புரட்டிய பின் துணியை வெளியே எடுத்து, தனியாகக் கரைத்து ஆறவைத்த 60 கிராம் சோடா ஆஷை (சோடியம் கார்பனேட் தூள்) ஊற்றிக் கலக்கி, துணியை மறுபடி போட்டு ஒரு மணி நேரம் விடவும். படிகமாக விற்கும் சலவை சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அது 160 கிராம் வேண்டும். ஆப்ப சோடாவுக்குப் போதுமான காரம் கிடையாது. போர் தண்ணீரில் உள்ள கால்சியம் சோடாவோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியும், சாயமும் புள்ளி புள்ளியாக நிற்கும். கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள். சாயம் கண்ணாடிபோல அடிநிறத்தைக் காட்டும் என்பதால் ஆரஞ்சு மேல் நீலம் ஏற்றினால் பழுப்புதான் வரும்; மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று வரும்.

கடைசியில் முதலில் பச்சைத் தண்ணீரில், பிறகு சோப்புப் போட்ட சுடுநீரில் அலசவும். வெளியேறுவது இழைக்குப் பதில் தண்ணீரோடு வினைபுரிந்து வீணான சாயம். ஈரத்துணி மேல் வெள்ளைத் துணி வைத்து இஸ்திரி போடுங்கள். கறை ஏறினால் இன்னொரு சுடுநீர்ச் சலவை பாக்கி இருக்கிறது.