முள்ளின் மேல் ஒரு காசு: கப்பலில் ஓடிய ரேடியோக்கள்

ஆடுகிற கப்பலில் ரெக்கார்டு பிளேயர் ஓட்டுவது லேசான வேலையில்லை. ஒரு பெரிய அலை வந்து தூக்கிப் போட்டால் முள் எகிறிப் பாட்டின் நடுவே எங்கோ போய் விழும். அதனால் முள் இருக்கும் நுனியில் ஒரு காசைப் பாரமாக வைத்துவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். 1960களில் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற வானொலிக் கப்பல்களில் இப்படித்தான் பொழுது போனது.

ஏன் கடலுக்குப் போனார்கள்? அன்றைக்கு பிரிட்டனில் வானொலி என்றால் பிபிசிதான். இசைக் கலைஞர் சங்கத்தோடும் ரெக்கார்டு கம்பெனிகளோடும் இருந்த ஒப்பந்தத்தால், நாளுக்கு இவ்வளவு நேரம்தான் ரெக்கார்டு போடலாம் என்று அதற்கும் வரம்பு. இளவட்டங்கள் கேட்கத் துடித்த பாப் பாட்டு சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஆனால் அப்போது நாட்டின் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர் வரைக்கும்தான். அதைத் தாண்டி வேறு நாட்டுக் கொடியோடு நின்றால் போலீஸ் வர முடியாது. 1958இல் டென்மார்க் பக்கம் ரேடியோ மெர்க்கூர் இந்த வித்தையைக் காட்டியது. ஸ்வீடனும் நெதர்லாந்தும் பின்னாலேயே வந்தன. 1964 மார்ச் 28, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, ரோனன் ஓ'ராஹிலி என்ற அயர்லாந்து இளைஞர் பழைய டேனிஷ் பயணிகள் கப்பல் ஒன்றிலிருந்து ரேடியோ கரோலினைத் தொடங்கினார்.

சட்டத்தின் ஓட்டை என்று இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு: சட்டத்துக்காகத் தேடிப்போன அதே இடம், ரேடியோ அலைக்கும் அருமையான இடமாக அமைந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். கரோலின் ஒலிபரப்பியது மத்திய அலையில் (மீடியம் வேவ்), 1520 கிலோ ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 15,20,000 அலைகள். ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும்; அதை 15,20,000ஆல் வகுத்தால் ஓர் அலையின் நீளம் சுமார் 197 மீட்டர். (அறிவிப்பில் 199 என்றுதான் சொன்னார்கள். கரோலின், நைன்டி நைன் என்று இயைபு வர வேண்டுமே!) ஆன்டெனா கம்பத்தின் உயரம் அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால் நன்றாக வேலை செய்யும், அதாவது 49 மீட்டர். கரோலின் கப்பலில் நட்ட கம்பம் சுமார் 51 மீட்டர்.

ஆனால் அப்படி நட்ட கம்பம் பாதி ஆன்டெனாதான், மீதிப் பாதியைத் தரை கொடுக்க வேண்டும். கண்ணாடி மேல் பென்சிலை நிறுத்தினால் கீழே இன்னொரு பென்சில் தெரியுமில்லையா, அதுபோல கம்பத்தின் அடியில் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பரப்பு இருந்தால் கீழேயும் ஒரு கம்பம் இருப்பதுபோலவே அலை நடந்துகொள்ளும். கரையில் இதற்காகக் கம்பத்தைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட செம்புக் கம்பிகளைப் புதைப்பார்கள். கப்பலுக்கு அதெல்லாம் வேண்டாம். இரும்பு உடம்பு உப்புத் தண்ணீரில் கிடக்கிறது, எர்த் தயார்.

அப்புறம் அலை போகிற வழி. பகலில் மத்திய அலையில் வானத்துக்கு ஏறும் பங்கை, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி அடுக்கு ஒன்று விழுங்கிவிடும். மிச்சம் தரையை ஒட்டி ஊர்ந்து போக வேண்டியதுதான், போகப் போக மண் அதை உறிஞ்சும். கடல்நீரோ சாதாரண மண்ணைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், அதனால் இழப்பு மிகக் குறைவு. இலங்கை வானொலி நம் கரையோர ஊர்களில் பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்டதற்கும் இதே கடல்தான் ஒரு காரணம். இரவில் அந்த அடுக்கு மறைந்துவிடும். மேல் அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலை வெகுதூரம் போகும், ஆனால் எங்கெங்கோ உள்ள நிலையங்களெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கூச்சல்தான்.

சரி, கடல் சும்மா கொடுக்குமா? கம்பத்தைக் கப்பலின் உடம்பிலிருந்து பிரித்து வைக்கும் இன்சுலேட்டர்களில் உப்பு படிந்தால் மின்சாரம் அதன் வழியே பாய்ந்து பொறி பறக்கும், ஒலிபரப்பு நிற்கும். உயரமான கம்பம் கப்பலைக் கவிழ்க்கப் பார்க்கும். 1983இல் கரோலினுக்காக வந்த ராஸ் ரிவெஞ்ச் கப்பலில் 300 அடிக் கம்பம் நட, அடியில் கான்கிரீட் கொட்டிப் பாரம் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தக் கம்பமும் 1987இல் விழுந்தது.

அரசாங்கம் கப்பலைத் தொடவில்லை, கரையைப் பிடித்தது. 1967 ஆகஸ்டில் அமலுக்கு வந்த சட்டப்படி, பிரிட்டன்காரர் எவரும் இந்தக் கப்பல்களில் வேலை செய்வதும், விளம்பரம் கொடுப்பதும், டீசலும் சோறும் கொண்டுபோவதும் குற்றம். விளம்பரம் போனால் காசில்லை, காசில்லாமல் ஜெனரேட்டர் ஓடாது. பெரும்பாலானவை அடங்கின. அடுத்த மாதமே பிபிசி பாப் பாட்டுக்கென்று ரேடியோ 1 தொடங்கி, கப்பல்களில் பேசிக்கொண்டிருந்தவர்களையே வேலைக்கும் எடுத்துக்கொண்டது! கரோலின் மட்டும் முரண்டு பிடித்தது. அதன் இரண்டு கப்பல்களையும் 1968 மார்ச்சில் இழுத்துக்கொண்டு போனது, பாக்கி வர வேண்டியிருந்த ஒரு கம்பெனி.

அதில் ஒன்று மி அமிகோ, 1921இல் கட்டிய கிழட்டுக் கப்பல். அது 1970களில் மறுபடி கடலுக்கு வந்து பாடியது. 1980 மார்ச் 19 அன்று புயலில் நங்கூரச் சங்கிலி அறுந்து, தேம்ஸ் முகத்துவாரத்து மணல்திட்டில் மோதித் தண்ணீர் ஏறியது. கப்பலில் இருந்த நான்கு பேரை உயிர்காப்புப் படகு கொண்டுவந்து சேர்த்தது, கூடவே அவர்கள் வளர்த்த கேனரிக் குருவியையும். அதன் பெயர் வில்சன். 1967 சட்டம் வந்தபோது பிரதமராக இருந்தவரின் பெயர். கப்பல் மூழ்கியது. கம்பம் மட்டும் தண்ணீருக்கு மேலே 1986 வரை நின்றுகொண்டிருந்தது.