*#21# அடித்தால் உளவாளி அகப்பட மாட்டான்

அந்த ஃபார்வர்டு மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. "உங்கள் போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்களா? உடனே *#21# அடித்துப் பாருங்கள். தெரிந்தவர்கள் அனைவருக்கும் அனுப்புங்கள்." இங்கே தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வர்த்தில் காவடிக்கு ஆள் சேர்க்கும் குழுவிலிருந்து லெனேசியாவில் தமிழ் வகுப்பு நடத்தும் பெற்றோர் குழு வரைக்கும் இது வந்து விழாத இடமில்லை. அனுப்புகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அதுதான் சங்கடம், திட்டவும் முடியவில்லை.

போன்களிலிருந்து தடயம் எடுப்பது என் தொழில். டர்பனில் இருக்கிறேன். இந்த விஷயத்தை வாயால் எத்தனையோ பேரிடம் சொல்லியாயிற்று. எழுத்தில் போட வைத்தது இங்கே பக்கத்தில் பீனிக்ஸில் இருக்கும் ஒரு அக்கா. அவரை ஒருவன் கூப்பிட்டு, நெட்வொர்க் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறான். "உங்கள் போனில் ஸ்பைவேர் (வேவு பார்க்கும் செயலி) இருக்கிறது மேடம், சோதிக்க இந்த எண்ணை அடியுங்கள்" என்று ஸ்டார், ஹாஷ் எல்லாம் வைத்து ஒன்றைச் சொல்ல, அக்கா அடித்துவிட்டார். ஃபார்வர்டில் பார்த்துப் பழகியதுதானே என்ற நம்பிக்கை. கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப் கையை விட்டுப் போனது. அவர் பெயரில் கோயில் குழுவில் இருந்தவர்களுக்கெல்லாம் அவசரக் கடன் கேட்டு செய்தி போனது. சிலர் பணமும் அனுப்பிவிட்டார்கள்.

இப்போது பொறுமையாகச் சொல்கிறேன். *#21# என்பது உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறொரு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்று கேட்கும் கோடு. அவ்வளவுதான். அந்தக் கேள்வி போவது உங்கள் நெட்வொர்க் கம்பெனிக்கு. உங்கள் போனுக்குள் என்ன செயலி ஓடுகிறது என்று கம்பெனிக்கும் தெரியாது, அந்தக் கோடுக்கும் தெரியாது. பெகாசஸ் என்ற பேர்போன ஸ்பைவேரைச் செய்த இஸ்ரேலிய நிறுவனம் என்எஸ்ஓ தொடங்கியதே 2010இல்தான். இந்தக் கோடு அதற்கு முன்பே, பட்டன் போன் காலத்திலிருந்து இருக்கிறது. அதை வைத்து ஸ்பைவேரைக் கண்டுபிடிப்பது, வாசல் மணி வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் திருடன் இல்லை என்று தூங்கப் போவது மாதிரி.

திரையில் வாய்ஸ், டேட்டா, ஃபேக்ஸ் என்று வரிசையாக வந்ததும் சிலருக்கு வியர்த்துவிடுகிறது. "என்னிடம் ஃபேக்ஸே இல்லையே, யார் வைத்தது?" யாரும் வைக்கவில்லை. அது பழைய பட்டியல், எல்லாருக்கும் அப்படித்தான் வரும். இன்னும் சிலர் *#62# அடித்து, அங்கே தெரியாத எண் ஒன்றைப் பார்த்துவிட்டு ராத்திரியில் எனக்கு போன் செய்கிறார்கள். உங்கள் போன் அணைந்திருக்கும்போது அழைப்பு எங்கே போகும் என்பதை அது காட்டுகிறது. பெரும்பாலும் அது உங்கள் வாய்ஸ்மெயில் எண். நெட்வொர்க்கின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் உறுதி செய்துவிடுவார்கள்.

ஆபத்து எங்கே என்றால், கேள்வி கேட்கும் அந்தக் கோடில் முதல் ஹாஷை எடுத்துவிட்டு *21* என்று தொடங்கி, ஒரு எண்ணைப் போட்டு, # வைத்து அடித்தால் அது கேள்வியாக இல்லாமல் கட்டளையாகிவிடும். உங்களுக்கு வரும் அழைப்புகள் அந்த எண்ணுக்குப் போகும். வாட்ஸ்அப் கணக்கை வேறு போனில் திறக்க வேண்டிய ஆறு இலக்க எண்ணை எஸ்எம்எஸ்ஸில் மட்டுமல்ல, அழைப்பிலும் சொல்லக் கேட்கலாம். அந்த அழைப்பு மோசடிக்காரனிடம் போனால் கதை முடிந்தது. அக்காவுக்கு நடந்தது இதுதான். ஆக, ஸ்பைவேர் பயத்தைக் கிளப்பும் ஃபார்வர்டு ஸ்பைவேரைப் பிடிக்கவில்லை, மோசடிக்காரனுக்குப் பாதை போட்டுக்கொடுத்தது. தெரியாத்தனமாக இப்படி ஏதாவது அடித்திருந்தால் ##002# அடித்து எல்லாத் திருப்பலையும் ரத்து செய்யுங்கள் (வாய்ஸ்மெயிலும் போகும், அதைப் பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம்). வாட்ஸ்அப்பில் இரண்டு கட்ட சரிபார்ப்பு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதில் ஒரு பின் வைத்திருந்தால் அழைப்பைத் திருடியும் அவனால் உள்ளே வர முடிந்திருக்காது. இன்றைக்கே வையுங்கள்.

அடுத்தது, போன் சூடானால் உள்ளே ஸ்பைவேர் என்ற பயம். லோட்ஷெடிங் (மின்வெட்டு) காலத்தில் கிடைத்த சார்ஜரில் எல்லாம் குத்திக் குத்திக் களைத்துப்போன பேட்டரிகள் இன்னும் பலர் கையில் இருக்கின்றன. சூடானால் பேட்டரியை மாற்றுங்கள். உயர்தர உளவுச் செயலி எழுதுகிறவனுக்கு முதல் பாடமே சத்தம் போடாமல் இருப்பதுதான்.

சரி, அந்த உயர்தரச் செயலி எப்படித்தான் வருகிறது? 2016இல் அமீரகத்தைச் சேர்ந்த மனித உரிமைப் போராளி அகமது மன்சூருக்குச் சிறைச் சித்திரவதை பற்றிய ரகசியம் என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது, இணைப்போடு. அவர் அதைத் தொடவில்லை. டொரான்டோவில் இருக்கும் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பிவைத்தார். பெகாசஸ் வெளிச்சத்துக்கு வந்தது அப்படித்தான். "இணைப்பைத் தொடாதே" என்ற அறிவுரை அந்தக் காலத்துக்குச் சரி. 2021இல் சிட்டிசன் லேப் கண்டுபிடித்த ஃபோர்ஸ்டுஎன்ட்ரி தாக்குதலுக்கு யாரும் எதையும் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஐபோனின் ஐமெசேஜில் ஜிஃப் படம் மாதிரி ஒரு கோப்பு வரும், போன் அதைத் தானே பிரித்துப் பார்க்கும், வேலை முடிந்தது. ஆப்பிள் 14.8 அப்டேட்டில் அதை அடைத்தது. 2023 செப்டம்பரில் பிளாஸ்ட்பாஸ் என்று இன்னொன்று, அதற்கு 16.6.1. ஆண்ட்ராய்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாகவே சுமார் 1,400 பேரைக் குறிவைத்தார்கள், அழைப்பை எடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆகவே "நான் எதையும் கிளிக் செய்வதில்லை, எனக்கு அப்டேட் வேண்டாம்" என்று சொல்கிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். அப்டேட் போட்டால் போன் மெதுவாகிறது, டேட்டா தீர்கிறது, இதெல்லாம் தெரியும். டேட்டா விலை எனக்கும் கசக்கத்தான் செய்கிறது. வைஃபை கிடைக்கும் இடத்தில் போடுங்கள். ஆனால் போடுங்கள்.

"நான் என்ன பெரிய ஆளா, என்னை யார் வேவு பார்க்கப் போகிறார்கள்?" இந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு பதில். பெரும்பாலானவர்களுக்கு, ஆமாம், பெகாசஸ் அளவுக்குச் செலவழித்து உங்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஆனால் பெரிய ஆளாக இருந்தால்தான் குறி என்பது தப்பு. பெகாசஸ் வாங்கியவர்கள் குறித்துவைத்ததாக 2021 ஜூலையில் செய்தி வந்த எண்களின் பட்டியலில் நம் அதிபர் ராமபோசாவின் எண் இருந்தது உண்மை (பட்டியலில் இருப்பதும் போனில் புகுந்ததும் ஒன்றல்ல, செய்தி போட்டவர்களே அதைச் சொன்னார்கள்). அதே பட்டியலில் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். இந்த நாட்டில் சாம் சோல் என்ற பத்திரிகையாளரின் அழைப்புகளை அரசு ஒட்டுக்கேட்டது. அதைத் தொடர்ந்து அமாபுங்கானே என்ற புலனாய்வுப் பத்திரிகை மையம் நடத்திய வழக்கில்தான் 2021 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் ஒட்டுக்கேட்பதற்கு விதி வகுக்கும் ரிக்கா சட்டத்தின் சில பகுதிகள் செல்லாது என்றது. சிம்மை ரிக்கா செய்ய (பதிவு செய்ய) வரிசையில் நிற்கிறோமே, அதே சட்டம்தான். 2021 ஆகஸ்டில் பபிதா தேவ்கரன் ஜோஹன்னஸ்பர்க்கில் தம் வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தார். கௌடெங் மாகாணச் சுகாதாரத் துறையில் கணக்குப் பார்த்த அதிகாரி, டெம்பிசா மருத்துவமனைப் பணப்பட்டுவாடாக்களைக் கேள்வி கேட்டவர். அந்தக் கொலைக்கும் ஸ்பைவேருக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. கணக்குப் பிரிவில் ஃபைல் பார்க்கிறவர்கூட சிலருக்கு எவ்வளவு முக்கியமானவராகிவிட முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். முனிசிபாலிட்டி டெண்டரைக் கேள்வி கேட்கிறீர்களா, சுரங்கத்துக்கு எதிராக நிற்கிறீர்களா, தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறீர்களா, அப்படியானால் கீழே சொல்வது உங்களுக்கு.

ஐபோனில் அமைப்புகளுக்குள் பிரைவசி பகுதியின் அடியில் லாக்டவுன் மோட் இருக்கிறது, 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல். போடுங்கள். செய்திகளோடு அனுப்பும் சில கோப்புகள் வராது, சில இணையதளங்கள் கோணலாகத் தெரியும், முன்பின் தெரியாதவர் ஃபேஸ்டைமில் கூப்பிட முடியாது. போகட்டும். பிளாஸ்ட்பாஸை இது தடுத்திருக்கும் என்று ஆப்பிளே உறுதி செய்ததாக சிட்டிசன் லேப் எழுதியது. ஆண்ட்ராய்டு 16 போன்களில் அட்வான்ஸ்டு புரொடெக்ஷன் என்று இதற்குத் தம்பி ஒன்று வந்திருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பழைய போனில் முக்கியமான பேச்சை வைத்துக்கொள்ளாதீர்கள். அதைப் பாட்டுக் கேட்கவும் பேரப்பிள்ளைக்குக் கார்ட்டூன் காட்டவும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒருமுறை போனை அணைத்துத் திரும்பப் போடுங்கள். இன்றைய பல தாக்குதல்கள் தற்காலிக நினைவகத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பவை, அணைத்தால் போய்விடும். திரும்ப வர முடியும் என்பதும் உண்மை, ஆனால் வருகிறவனுக்கு ஒவ்வொரு முறையும் செலவு, மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூட.

இன்னொன்று, இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பெகாசஸ் என்று பதறி வருகிறவர்களின் போனில் நான் வழக்கமாகப் பார்ப்பது வீட்டுக்குள்ளிருந்து வந்த வேவு. வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்கள் என்ற பட்டியலைத் திறந்தால், யாருடைய லேப்டாப்போ அங்கே உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளைக் கண்காணிக்க என்று விற்கிற செயலியைக் கணவரோ மாமியார் வீட்டாரோ ஏற்றியிருப்பார்கள். அதற்கு இஸ்ரேலிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. உங்கள் பின் தெரிந்தவரும் நீங்கள் குளிக்கப் போகும் நேரமும் போதும். அடுத்தவர் போனில் இப்படி ஏற்றுவது 2020இன் 19ஆம் எண் சைபர்கிரைம்ஸ் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம், "கட்டின பெண்டாட்டிதானே" என்பது அங்கே செல்லாது. ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டில் அடி, மிரட்டல் இருக்குமானால், செயலியை அவசரப்பட்டு நீக்காதீர்கள். நீக்கியது அவருக்கு உடனே தெரிந்துவிடலாம். முதலில் பாதுகாப்பான இடமும் நம்பிக்கையான ஆளும், அப்புறம்தான் போன்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன், ரீசெட் செய்துவிட்டு வராதீர்கள். அரசு தொடர்புள்ள தாக்குதல் என்று சந்தேகம் வந்தால் ஆப்பிள் எச்சரிக்கை அனுப்பும், மின்னஞ்சலிலும் ஐமெசேஜிலும். அது எந்த இணைப்பையும் தொடச் சொல்லாது, கோடு கேட்காது, செயலி ஏற்றச் சொல்லாது. ஆப்பிள் கணக்கின் இணையப் பக்கத்தில் நீங்களே போய் உள்நுழைந்தால் மேலே அதே எச்சரிக்கை தெரிய வேண்டும். தெரிந்தால் அது நிஜம். இப்படி ஒன்று வந்த ஒருவர், பயத்தில் டாக்டர் யூசுப் டாடூ தெருவில் (நம்மவர்களுக்கு இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான்) ஒரு கடையில் போனைக் கொடுத்து முழுக்கத் துடைத்து வாங்கிக்கொண்டுதான் என்னிடம் வந்தார். யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், என்ன எடுத்தார்கள், எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. துடைத்துத் தந்தவர் நல்ல ரிப்பேர்காரர்தான், சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்.

எச்சரிக்கை வந்த போனைத் தனியாக எடுத்து வையுங்கள். தினம் அணைத்துத் திரும்பப் போடச் சொன்னேனே, இந்த நிலையில் அதுவும் வேண்டாம். பழைய பேக்கப்புகளை அழிக்காதீர்கள். அந்தப் போனிலிருந்தே "என் போனை ஹேக் செய்துவிட்டார்கள்" என்று ஊருக்கெல்லாம் செய்தி போடாதீர்கள். வேறு போனிலிருந்து உதவி கேளுங்கள். பத்திரிகையாளர்களுக்கும் சமூகச் செயற்பாட்டாளர்களுக்கும் ஆக்ஸஸ் நவ் அமைப்பின் உதவி மையம் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, காசு வாங்குவதில்லை. அம்னெஸ்டியின் பாதுகாப்பு ஆய்வகம் தடயம் தேடும் எம்விடி என்ற கருவியை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது, அதை ஓட்டத் தெரிந்தவர்கள் டர்பனிலும் கேப்டவுனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் இருக்கிறோம். வரும்போது சார்ஜரும் பாஸ்கோடும் கொண்டுவாருங்கள். பாஸ்கோடைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போன் கவருக்குள் செருகி வைக்காமல்.