டயாட்டம்: இருகலமும் அல்ல, ஈரணுவும் அல்ல

"பாசிகளின் மேல் வாழும் இருகலப்பாசிகள்." மண், மாஸ், ஈரப்பாறை ஆகியவற்றில் வாழும் டயாட்டம் என்னும் நுண்ணிய ஆல்கா இனங்களைப் பற்றித் தமிழில் எழுதினால் இப்படி ஒரு வரி எப்படியோ நுழைந்துவிடுகிறது. முதல் பாசி மாஸ் என்னும் சிறு பச்சைச் செடி. இரண்டாம் பாசி, டயாட்டத்துக்கு வைத்த 'இருகலப்பாசி' என்ற தமிழ்ப்பெயரில் வரும் ஆல்கா. படிப்பவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்?

கிரேக்கத்தில் 'தியா' என்றால் ஊடாக, 'தெம்னெய்ன்' என்றால் வெட்டுதல். ஊடாக வெட்டுண்டது டயாட்டம். சிலிக்காவால் ஆன இரண்டு ஓடுகளில் சற்றே பெரியது மற்றதன்மேல் சிமிழ் மூடிபோல் கவிந்திருக்கும். உள்ளே இருப்பது ஒரே ஓர் உயிரணு.

இருகலம் சறுக்குவது இங்கேதான். கலம் என்றால் பாத்திரம், அதனால் ஓட்டைக் குறிக்கும் என்பது அதை ஆதரிப்போர் வாதம். ஆனால் இலங்கைத் தமிழில் உயிரணுவுக்கே கலம் என்றுதான் பெயர். அங்கே படித்தவருக்கு இருகலப்பாசி என்றால் இரண்டு உயிரணு கொண்ட பாசி. டயாட்டத்துக்கு வழங்கும் மற்றொரு பெயரான ஈரணுப்பாசி இன்னும் மோசம். ஆக்சிஜன் ஈரணு மூலக்கூறு என்று படித்த பிள்ளை இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடும். போதாக்குறைக்கு, அணுவைக் குறிக்கும் 'ஆட்டம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வெட்டமுடியாதது என்று பொருள். டயாட்டம் என்றால் வெட்டுண்டது. வேர் ஒன்று, பொருள் நேரெதிர்.

சொல் பிசகினால் கணக்கும் பிசகும். மாதிரியை ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கிக் கரிமப்பொருளை நீக்கும்போது பெரும்பாலும் ஓடுகள் இரண்டாகப் பிரிந்துவிடும். அதன்பின் நுண்ணோக்கியில் வழக்கமாக 400 ஓடுகள் எண்ணுவார்கள். அதை "400 கலங்கள்" என்று பெயர்த்தால் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். "400 தடுக்கிதழ்கள்" என்று எழுதுவோரும் உண்டு. ஓட்டைக் குறிக்கும் வால்வ் என்ற சொல்லை இதயத்திலிருந்து எடுத்துவந்திருக்கிறார்கள்!

இனவளம், அதாவது ஓரிடத்தில் எத்தனை இனங்கள் உள்ளன என்று பேசுவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று: சுத்தம்செய்த ஓட்டைப் பார்த்து, அந்த உயிர் அங்கே வாழ்ந்ததா, காற்றும் நீரும் கொண்டுவந்து போட்ட வெற்று ஓடா என்று சொல்லமுடியாது. சுத்தம்செய்யாத மாதிரியிலேயே பொன்பழுப்புப் பசுங்கணிகம் தெரிகிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். மண் மாதிரியில் மணல்துகள் ஓடுகளை மறைக்கும் தொல்லை வேறு.

நீருக்கு வெளியே, திறந்த காற்றுபட வாழ்பவற்றை "வான்வழி டயாட்டம்" என்பது அடுத்த கூத்து. அவை பறப்பவை அல்ல. காற்றுவெளி டயாட்டம் எனலாம். மாஸின் ஈரத்தை யுங் என்ற ஆய்வாளர் 1936இல் எட்டுப் படிகளாக வகுத்தார்: நீரில் மூழ்கியது முதல் படி, பிழிந்தாலும் துளி வராதது எட்டாம் படி. உலர்ந்த படிகளில் பொதுவாக இனங்கள் குறைந்து, பின்னுலேரியா போரியாலிஸ், ஹான்ட்ஷியா ஆம்ஃபியாக்சிஸ் போன்ற வறட்சி தாங்கிகளே மேலோங்கும். லூட்டிகோலா பேரினமும் அங்கே அடிக்கடி தென்படும். அந்த லத்தீன் பெயருக்கே சேற்றில் வாழ்வது என்றுதான் பொருள். பெயரிட்டவர்களுக்கு இருந்த தெளிவு பெயர்ப்பவர்களுக்கு இல்லை.

ஈரோட்டுயிரி என்று முயன்றால் ஊர்ப்பெயர் குறுக்கே வரும். தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் சிமிழுயிரி என்று சொல்லுங்கள்: வடிவமும் சரி, பாசிக் குழப்பமும் இல்லை. இல்லையேல் டயாட்டம் என்றே எழுதி, வால்வுக்கு ஓடு, மாஸுக்கு மாஸ் என்று கட்டுரை முழுக்க மாறாமல் வையுங்கள்.