ஆறு திருடிய பள்ளத்தாக்கும் மலோயா மாவட்டமும்

மலைநாடுகளில் மாவட்ட எல்லைகள் பெரும்பாலும் முகடுகளின் மீதே செல்லும்போது, சுவிட்சர்லாந்தின் கிராவுபுண்டன் மாநிலத்தில் இருந்த மலோயா மாவட்டம் மட்டும் அதே பெயருள்ள கணவாயின் இருபுறத்தையும் தன்னுள் வைத்திருந்தது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். விடையின் ஒரு பாதி வரலாற்றில் இருக்கிறது. மறு பாதி, எனக்கு மிகவும் பிடித்த பாதி, ஆறுகள் நிலத்தை அரிக்கும் விதத்தில் இருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கணவாய்க்குத் தென்மேற்கே சரியும் பிரெகாலியா பள்ளத்தாக்கை 960ஆம் ஆண்டில் முதலாம் ஓட்டோ மன்னர் கூர் நகரின் ஆயருக்கு வழங்கினார். வடகிழக்கே விரியும் மேல் எங்கடீன், 12ஆம் நூற்றாண்டில் விலைக்கு வாங்கப்பட்டு அதே ஆயரின் கைக்கு வந்தது. 1367இல் அந்த ஆயரின் ஆட்சிப்பகுதி மக்கள் உருவாக்கிய 'இறை இல்லக் கூட்டணி'யில் இரண்டும் இணைந்தன. 1851இல், தனி நீதிமன்றம் வைத்திருந்த பழைய ஊர்க்குழுக்கள் ஒழிக்கப்பட்டு மாவட்டங்கள் அமைக்கப்பட்டபோது, இத்தாலிய மொழி பேசும் பிரெகாலியாவும் ரொமான்ஷ் மொழி வழங்கிய மேல் எங்கடீனும் ஒரே மாவட்டமாயின. 2010களின் நடுவில் மாவட்டங்கள் கலைக்கப்பட்டு வட்டாரங்கள் வந்தன. மலோயா என்ற பெயர் மட்டும் வட்டாரத்தின் பெயராக நீடிக்கிறது.

இப்போது நிலத்துக்கு வருவோம். மேல் எங்கடீன் வழியாக மலோயாவை நோக்கிச் செல்பவருக்குக் கணவாயில் ஏறுவது போலவே தோன்றாது. சில்ஸ் ஏரி கடல்மட்டத்திலிருந்து 1,797 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணவாய் 1,815 மீட்டர். ஏரிக்கரையிலிருந்து வெறும் 18 மீட்டர் ஏறினால் போதும். அந்த இடத்தைத் தாண்டியதும் தரை திடீரென முடிந்துவிடுகிறது. சாலை கொண்டையூசி வளைவுகளாகச் சுருண்டு, 1,458 மீட்டர் உயரத்தில் உள்ள காசாச்சா ஊரை நோக்கி இறங்குகிறது. அகன்ற, தட்டையான ஒரு பள்ளத்தாக்கைக் கத்தியால் குறுக்கே வெட்டி, மேல் துண்டை யாரோ எடுத்துச் சென்றுவிட்டது போன்ற காட்சி அது. உண்மையில் நடந்ததும் ஏறத்தாழ அதுதான். எடுத்துச் சென்றது பிரெகாலியாவில் ஓடும் மேரா ஆறு.

வீட்டு வேலைக்காகக் கொட்டி வைத்த மணல் குவியலில் மழை பெய்யும்போது உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் சரிவு மிகுந்தும் மறுபக்கம் சரிவு குறைந்தும் இருந்தால், செங்குத்தான பக்கத்து ஓடைதான் வேகமாக அரிக்கும். அது கீழ்நோக்கி ஓடினாலும் அதன் தலைப்பகுதி நொடிக்கு நொடி மேல்நோக்கி நகரும். ஓடையின் உச்சியில் மணல் சிறு சிறு வில்லைகளாக இடிந்து விழ, பள்ளம் பின்வாங்கிக்கொண்டே போகும். இறுதியில் குவியலின் உச்சியைக் கடந்து, மறுபக்கத்து ஓடையின் வழியில் குறுக்கிடும். அந்த நொடியில் மறுபக்கத்து ஓடையின் மேல்பகுதி நீர் முழுவதும் திசை மாறி இந்தப் பக்கம் கொட்டத் தொடங்கும். புவியியலில் இதற்கு ஆற்றுக் கவர்வு என்று பெயர்.

மலோயாவில் சரிவுகளின் வேறுபாடு மிகப் பெரியது. கணவாயிலிருந்து மேராவின் வழியே இத்தாலியின் கியவென்னா ஊர் வரை சுமார் 32 கிலோமீட்டரில் நிலம் ஏறக்குறைய 1,480 மீட்டர் தாழ்கிறது. எதிர்ப்பக்கம், எங்கடீனில் ஓடும் இன் ஆற்றின் வழியே செர்நெட்ஸ் ஊர் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றாலும் 340 மீட்டர் அளவுக்கே இறக்கம். நீரின் அரிக்கும் வலிமை சரிவோடு கூடுவதால், மேராவின் தலை பின்னோக்கி அரித்து வந்து, ஒருகாலத்தில் இன் ஆற்றுக்கு நீர் தந்த மேலோடைகளைக் கைப்பற்றியது. பனியுகப் பனியாறுகள் அந்தப் படியை மேலும் கூர்மையாக்கின.

இதற்கான தடயம் வரைபடத்திலேயே இருக்கிறது. துணையாறு ஒன்று முதன்மை ஆற்றின் போக்கை ஒட்டிச் சாய்ந்து வந்து சேர்வதே இயல்பு. ஓர்லேஞ்யா ஓடையோ ஃபோர்னோ பனியாற்றிலிருந்து வடக்கு நோக்கி, சில்ஸ் ஏரிக்கே போவது போல இறங்கி வந்து, மலோயாவை நெருங்கியதும் முழங்கையை மடக்கியது போல மேற்கே திரும்பிப் பள்ளத்தில் பாய்கிறது. மரோஸ் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ஓடையும் முதலில் எங்கடீனை நோக்கி ஓடி, காசாச்சாவில்தான் தென்மேற்கே திரும்புகிறது. பழைய ஆற்றின் திசையை அந்த ஓடைகள் இன்னும் மறக்கவில்லை.

இத்தகைய தடயங்களைக் காலால் நடந்து வரைபடமாக்கும் பணிக்குப் பணம் ஒதுக்குவது வீண் என்ற எண்ணம் பலரிடம் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. 2017 ஆகஸ்ட் 23 அன்று பிரெகாலியாவின் செங்கலோ மலையிலிருந்து சுமார் 30 லட்சம் கன மீட்டர் பாறை சரிந்தது. மலையேறச் சென்ற 8 பேர் மாண்டனர். சேற்றுப் பெருக்கு போண்டோ ஊருக்குள் புகுந்தும் ஊரார் உயிர் தப்பியதற்கு, அந்த மலையைத் தொடர்ந்து கவனித்து வந்ததும் முன்னரே அமைத்திருந்த எச்சரிக்கை ஏற்பாடும் உதவின. மலையைப் படிப்பதற்குச் செலவிடும் பணம் உயிர்காக்கும் பணம்.

வாசகரின் கேள்விக்கு என் கணிப்பு இதுதான்: எங்கடீன்காரருக்கு மலோயா ஏறிக் கடக்க வேண்டிய தடையாக இருக்கவில்லை, ஆகவே இரு பள்ளத்தாக்குகளையும் ஒரே மாவட்டமாக்குவதில் யாருக்கும் சங்கடம் தோன்றியிருக்காது. மாவட்டத்துக்கு உள்ளே இரு பள்ளத்தாக்குகளையும் பிரித்த எல்லையும் நீர்ப்பிரிமுகட்டை, அதாவது மழைநீர் இருபுறமும் பிரிந்து ஓடும் கோட்டை, பின்பற்றவில்லை. மலோயா கிராமம் எங்கடீன் பக்கத்துச் சமதரையில் இருந்தும், நிர்வாகத்தில் கீழேயுள்ள பிரெகாலியாவைச் சேர்ந்தது. அங்கே ஏரிப்பக்கம் விழும் மழை இன், டானூப் ஆறுகள் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. அந்தக் கிராமத்தை ஆளும் பள்ளத்தாக்கின் நீரோ கோமோ ஏரியையும் போ ஆற்றையும் கடந்து ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கிறது.